மேட்ச் அன்றைக்கு மட்டும் ஏன் கை நடுங்குது? வடசென்னைப் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வடசென்னையில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். சாயங்காலம் பக்கத்து மைதானத்தில் பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் கால்பந்து சொல்லித் தருகிறேன். ஆனால் கேள்விகள் கால்பந்தோடு நிற்பதில்லை. இந்தப் பக்கத்தில் ஒரே வீட்டில் அண்ணன் பாக்ஸிங் போவான், தங்கை கேரம் ஆடுவாள், சித்தப்பா பழைய கபடி ஆட்டக்காரராக இருப்பார். மைதானத்துச் சுவரோரம் நிற்கும் அம்மா அப்பாக்களும், பந்து பொறுக்கும் சாக்கில் பக்கத்தில் வரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நான் மனநல மருத்துவர் இல்லை. எப்போது அவர்களிடம் போக வேண்டும் என்பதையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

மேட்ச் அன்று காலையில் என் பையனுக்கு வாந்தி வருகிறது. அவ்வளவு பயந்தாங்கொள்ளியா?

இல்லை. பெரிய விஷயம் ஒன்று வரப்போகிறது என்று மூளை கண்டுகொண்டதும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தம் வயிற்றை விட்டுக் கை கால் தசைகளுக்கு ஓடுகிறது. வயிறு கலக்குவது, வாய் காய்வது, உள்ளங்கை சில்லிடுவது, அடிக்கடி பாத்ரூம் போகத் தோன்றுவது எல்லாம் இதனால்தான். ஓடவும் உதைக்கவும் உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது.

ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் கொடுத்துவிடுங்கள். எண்ணெய்ப் பலகாரம், வடகறி எல்லாம் மேட்ச் முடிந்த பிறகு. பிள்ளையிடம் "பயப்படாதே" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் பயம் போகாது, மறைத்து வைக்கத்தான் கற்றுக்கொள்வான். "உடம்பு ரெடியாவுதுடா, எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லுங்கள். எங்கள் அணியில் ஒரு பையன் ஒவ்வொரு இறுதிப் போட்டிக்கும் முன்னால் வேப்ப மரத்தின் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாய் கொப்பளித்துக்கொண்டு வந்து நிற்பான். மற்ற பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள், அவ்வளவுதான்.

பயிற்சியில் புலி மாதிரி ஆடுகிறாள். மேட்ச் என்றால் சொதப்புகிறாள். ஏன்?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான்.

காசிமேட்டில் மீன் ஆய்ந்து தரும் அக்காவைப் பாருங்கள். பேசிக்கொண்டே, சில்லறை எண்ணிக்கொண்டே வஞ்சிரத்தை ஒரே கனத்தில் துண்டு போடுவார். அவரிடம் போய், "அக்கா, கட்டைவிரலை எங்கே வைக்கிறீங்க, எந்த இடத்துல அழுத்துறீங்க, ஒவ்வொண்ணா யோசிச்சுச் சொல்லிக்கிட்டே வெட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். வேகம் போய்விடும், விரலையும் வெட்டிக்கொள்வார். பல வருஷப் பழக்கத்தில் கை தானாகச் செய்யும் வேலைக்குள் யோசனை புகுந்தால் இப்படித்தான் ஆகும். மேட்ச் அன்று உங்கள் பெண்ணுக்கும் இதே கதைதான். தப்பு பண்ணிவிடக் கூடாது என்ற பதற்றத்தில், தானாக நடக்கும் உதையைத் தானே மேற்பார்வை பார்க்கத் தொடங்குகிறாள். கால் மரத்துப் போகிறது.

இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு முறையும் மாறாத ஒரு சின்னச் சடங்கு. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பெனால்டி அடிப்பதைச் சொல்கிறேன். காற்றடிக்கும் துளை தன்னைப் பார்த்திருக்கும்படி பந்தை வைப்பாள். பின்னால் நாலு எட்டு. வலது கையை ஜெர்ஸியில் ஒரு தடவை துடைப்பாள். விசில் வந்த பிறகும் ஒரு முழு மூச்சு விடுவாள். மனசுக்குள் "மூலை" என்று ஒரு வார்த்தை. அப்புறம்தான் ஓட்டம். 11 மீட்டர் தூரம். கோல் போஸ்ட்டின் அகலம் 7.32 மீட்டர். யோசிக்காத காலுக்கு அது பெரிய இடம். விசில் அடித்த நொடியே ஓடிப்போய் உதைக்கும் ஆட்டக்காரர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள் என்று பெனால்டிகளை ஆராய்ந்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். எப்படியாவது முடித்துவிட்டுத் தப்பித்துவிடலாம் என்ற அவசரம்தான் காரணம். அந்த ஒரு மூச்சு அந்த அவசரத்தை உடைக்கிறது.

இரண்டாவது, பயிற்சியிலேயே கொஞ்சம் தொந்தரவு கொடுப்பது. மைதானத்தை நாலு சுற்று ஓடவிட்டு, மூச்சு வாங்கும்போதே பெனால்டி அடிக்கச் சொல்வேன். மற்ற பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்துக் கத்தச் சொல்வேன். ஒரே ஒரு வாய்ப்பு, தவறினால் மொத்த அணியும் சேர்ந்து கோன்களை எடுத்து வைக்க வேண்டும். முதல் வாரம் எல்லோரும் திணறுவார்கள். நாலாவது வாரத்தில் அந்தக் கூச்சலே பழகிவிடும்.

தோற்றுவிட்டு வரும் பிள்ளையிடம் வீட்டில் என்ன பேசுவது?

என் பதினாறாவது வயதில் ஒரு வாலிபால் இறுதிப் போட்டி. ஐந்தாவது செட், 13–14. என் சர்வீஸ் வலையில் விழுந்தது. தோற்றோம். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் என் கோச் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கும் ஒரு கிளாஸ் வந்தது, அவர் கையால் இல்லை. அதற்குப் பிறகு ஆறு மாதம் சர்வீஸ் போடப் பந்தைத் தூக்கினாலே எதிர்க் கோர்ட் கண்ணுக்குத் தெரியாது, வலைதான் தெரியும். தோல்வி எனக்கு மறந்துவிட்டது. அந்த பஸ் பயணம் இன்னும் மறக்கவில்லை.

இத்தனை வருஷத்தில் நான் உறுதியாக நம்பும் ஒன்று: பிள்ளைகள் எதிரணிக்குப் பயப்படுவதை விட, மேட்ச் முடிந்த பிறகு வரும் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். அப்பாவின் முகம், கோச்சின் மௌனம், தெருமுனையில் "இன்னாடா, ஊத்திக்கிச்சா?" என்று கேட்கும் அண்ணன்கள். அந்த ஒரு மணி நேரம் பத்திரமானது என்று தெரிந்துவிட்டால் பிள்ளை துணிந்து ஆடும்.

அதனால் பைக்கில் கூட்டிக்கொண்டு வரும்போது மேட்ச் பேச்சை எடுக்காதீர்கள். அறிவுரையும் வேண்டாம், "ரெஃப்ரி சரியில்ல" என்ற ஆறுதலும் வேண்டாம். "பசிக்குதா?" என்று கேளுங்கள். வழியில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை இருந்தால் நிறுத்துங்கள். அவனாகப் பேசினால் கேளுங்கள், குறுக்கே பேசாமல். எங்கே தப்பு நடந்தது என்பதை மறுநாள் பயிற்சியில் கோச் பார்த்துக்கொள்வார். அது அவர் வேலை. ஜெயித்துவிட்டு வரும் நாளிலும் இதே மாதிரி இருங்கள். ஜெயித்தால் பிரியாணி, தோற்றால் மௌனம் என்று இருந்தால் பிள்ளை அந்தக் கணக்கை வெகு சீக்கிரம் புரிந்துகொள்ளும்.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைத்துவிட்டால் குடும்பமே நிமிர்ந்துவிடும். அதைப் பிள்ளையிடம் சொல்வது தப்பா?

ஆசைப்படுவது தப்பே இல்லை. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. தெற்கு ரயில்வேயும் பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையும் விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுக்கின்றன. அப்படி வேலைக்குப் போய் வீட்டைத் தூக்கி நிறுத்தியவர்களை நம் தெருக்களிலேயே பார்த்திருக்கிறோம். பிள்ளைக்கும் இது தெரியும். நீங்கள் சொல்லாவிட்டாலும் தெரியும்.

மேட்ச் அன்று காலையில் அதை ஞாபகப்படுத்துவதுதான் வேண்டாம். பதினாலு வயதுப் பிள்ளை ஒரு பாஸ் கொடுக்கும்போது வீட்டு வாடகையையும் அக்கா கல்யாணத்தையும் சேர்த்து உதைக்க முடியாது. வேலை, ரேங்க், மெடல் எதுவும் அவன் கையில் இல்லை. எதிரணி, நடுவர், அதிர்ஷ்டம் எல்லாம் அதில் இருக்கிறது. அன்றைக்கு அவன் கையில் இருப்பதை ஒன்றே ஒன்றாகச் சொல்லுங்கள்: "பந்து போனதும் நிக்காம திரும்பி ஓடு." இதைச் செய்தானா இல்லையா என்பது அவனுக்கே தெரியும், தோற்றாலும் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தன்னம்பிக்கை இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் சேர்கிறது. படிப்பையும் விட்டுவிடாதீர்கள். திரும்பிப் போக வேறொரு வழி இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை இன்னும் தைரியமாக ஆடும் என்பது என் அனுபவம்.

அடித்தால்தானே ரோஷம் வரும்? எங்கள் மாஸ்டர் அப்படித்தான் எங்களை உருவாக்கினார்.

பழைய பாக்ஸர் ஒருவர் கேட்டது. அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை வளர்ந்த மண் இது. அந்த மாஸ்டர்கள் விடியற்காலையில் வந்து, ஒரு பைசா வாங்காமல், பிள்ளைகளை ஆளாக்கினார்கள்.

ஆனால் அடியைத் தாங்கி மேலே வந்தவர்கள் மட்டும்தான் இன்று நம் முன்னால் உட்கார்ந்து கதை சொல்கிறார்கள். அடிக்குப் பயந்து கிளவுஸைக் கழற்றிப் போட்டவர்கள் எத்தனை பேர்? அவர்கள் கதை சொல்ல வரவில்லை. அடி வாங்கும் பிள்ளை, தப்பைத் திருத்தக் கற்றுக்கொள்வதை விட மறைக்கத்தான் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது; வலிக்கிறது என்றுகூடச் சொல்லாது. பள்ளியில் பிள்ளையை அடிப்பதும் மனரீதியாகத் துன்புறுத்துவதும் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படியே தடை செய்யப்பட்டவை. கண்டிப்பு வேண்டும்தான். நேரத்துக்கு வரச் சொல்லுங்கள், வராவிட்டால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது என்று சொல்லுங்கள். குரலை உயர்த்தினாலும் தப்பைப் பற்றி உயர்த்துங்கள், பிள்ளையின் சாதியை, நிறத்தை, அம்மாவை இழுக்காதீர்கள்.

பயிற்சி என்ற பெயரில் யாராவது தவறாகத் தொட்டால், தனியாக வரச் சொன்னால், 1098-ஐ அழையுங்கள். ஆட்டம் போய்விடுமே என்று தயங்காதீர்கள்.

கேரம் கிளப்பில் கண்ணை மூடிக்கொண்டு ரெட் போடுகிறேன். டோர்னமென்ட்டில் ஸ்ட்ரைக்கரைத் தொட்டாலே விரல் நடுங்குகிறது.

தம்பி, மற்ற ஆட்டங்களில் ஓடினால் பதற்றம் கொஞ்சம் கரையும். கேரமில் உட்கார்ந்த இடத்திலேயே அதைச் சமாளிக்க வேண்டும், அதுவும் விரல் நுனியில். அதனால் மூச்சைப் பழகு. நாலு எண்ணும்வரை மூக்கால் இழு, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடு. விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு இறங்கும். எதிராளி ஆடும்போது அவர் காயை எண்ணிக் கவலைப்படாமல் இந்த மூச்சை மூன்று தடவை விடு. உன் முறை வந்ததும் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வை, பார், மூச்சு பாதி வெளியே போனபோது அடி. டோர்னமென்ட்டில் முதல் தடவை செய்தால் பலிக்காது. கிளப்பிலேயே தினமும் செய்.

ஒரு போர்டு, அதாவது ஒரு சுற்று, போனால் ஆட்டம் போனதாக நினைக்காதே. ஒரு கேம் என்பது 25 பாயிண்ட் அல்லது 8 போர்டு, மூன்று கேமில் இரண்டு ஜெயிக்க வேண்டும். திரும்பி வர நிறைய இடம் இருக்கிறது. புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரில் ஆடிப் பழகிய, ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 17 வயதில் 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் 3 தங்கம் வாங்கினாள். நீ ஆடும் போர்டு மாதிரி ஒரு போர்டில் பழகியவள்தான்.

பாக்ஸிங் ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) பலமாக ஒரு அடி வாங்கினான். இப்போது ரிங்குக்குள் போக மாட்டேன் என்கிறான்.

முதலில் மனசை விடுங்கள், தலையைப் பாருங்கள். தலைவலி, வாந்தி, கண் மங்கல், வெளிச்சம் கூசுவது, வழக்கத்தை விட எரிச்சல், தூக்கம் கெடுவது ஏதாவது இருந்தால் அது மூளை அதிர்ச்சியாக இருக்கலாம். டாக்டர் சரி என்று சொல்லும்வரை ரிங் பக்கமே வேண்டாம். அதைப் பயம் என்று நினைத்துத் தள்ளிவிடுவது பெரிய ஆபத்து.

டாக்டர் சரி என்றால், படிப்படியாக. ஒரு வாரம் ஷேடோ மட்டும், அதாவது எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது. அப்புறம் தொங்கும் பேக்கில் குத்தட்டும். அப்புறம் மாஸ்டர் கையில் பிடிக்கும் பேடில் குத்தட்டும், அவரும் திருப்பி லேசாகத் தொடுவார். அடுத்து, அவன் நம்பும் ஒரு நண்பனோடு, உடம்பில் மட்டும், பாதி பலத்தில். எந்தப் படியில் திகில் வருகிறதோ அங்கேயே இரண்டு நாள் கூட இருக்கட்டும். "பார்க்கிறவன் சிரிப்பான்" என்று சொல்லி அவசரப்படுத்தினால் மொத்தமாக விட்டுவிடுவான்.

இன்னொன்று. போட்டியின் எடைப் பிரிவுக்காக இரண்டு நாள் பட்டினி போட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல், எச்சில் துப்பி எடை குறைத்த பையனுக்குத் தைரியம் எங்கிருந்து வரும்? பாதி நேரம் "மனபலம் இல்லை" என்று நாம் சொல்வது வெறும் பசியும் தூக்கமின்மையும்தான். 13 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு ராத்திரி 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

மகள் நன்றாக ஆடுகிறாள். ஆனால் பெரியவளான பிறகு கிரவுண்டுக்கு வரக் கூச்சப்படுகிறாள்.

திறமை குறைந்துவிட்டதா என்று யோசிக்காதீர்கள், பெரும்பாலும் காரணம் சின்னதாக இருக்கும். வெள்ளை ஷார்ட்ஸ். மாற்றிக்கொள்ள இடம் இல்லாத மைதானம். வேலியோரம் நின்று கமெண்ட் அடிக்கும் கும்பல். "இனிமே எதுக்கு ட்ரௌசர் போட்டுக்கிட்டு" என்று சொல்லும் அத்தை. நாங்கள் அணி ஷார்ட்ஸைக் கருநீலத்துக்கு மாற்றினோம். பையில் எப்போதும் நாப்கின் இருக்கும், யாரும் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். அந்த மாதமே இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். அத்தையிடம் நீங்கள் பேசுங்கள். அந்தச் சண்டையையும் பெண் தலையில் போடாதீர்கள்.

மேட்ச் வீடியோவுக்கு வரும் கமெண்ட்டைப் படித்துப் படித்து அழுகிறாள்.

மேட்சுக்கு முந்தின ராத்திரியும் அன்றைக்கும் போன் உங்களிடம் இருக்கட்டும். உங்கள் போனும் அப்படியே மூலையில் இருக்கட்டும்.

பெரிய ஆட்டக்காரர்களுக்கு இந்தப் பயம் எல்லாம் இருக்காதுதானே?

நம்ம சென்னைப் பையன் குகேஷை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் போட்டி. முதல் ஆட்டத்திலேயே, அதுவும் வெள்ளைக் காயில் தோற்றான். மூன்றாவதில் ஜெயித்துச் சமன் செய்தான். 11-ஆவதை ஜெயித்து முன்னால் போனவன் 12-ஆவதைப் பறிகொடுத்தான். அந்த நிலையில் எந்தப் பதினெட்டு வயதுப் பையனுக்கும் உதறல் எடுக்கும். 14-ஆவது ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் டிங் லிரெனை வென்று 7.5–6.5 என்று பட்டம் வாங்கினான். மனப் பயிற்சிக்கென்றே பேடி அப்டன் அவனோடு வேலை செய்திருந்தார். உதவி கேட்டுத்தான் ஜெயித்தான், மறைத்து அல்ல.

துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றில் மூன்றாவதாக வந்து, இறுதியில் ஏழாவது இடத்துக்குப் போனார். அடுத்த நாலு வருஷமும் தொந்தரவைத் தேடித் தேடிப் பழகினார். பெய்ஜிங்கின் பெரிய அரங்கம் பழக வேண்டும் என்று ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துச் சுட்டார். 2008-இல் கடைசிக் குண்டு மட்டும் மிச்சம், போட்டியாளரோடு சமநிலை. 10.8 சுட்டார். இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம். நான் பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்துக் கத்தச் சொல்வது இந்த மண்டபத்தின் ஏழைப் பதிப்புதான்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால். ஆட்டத்தில் மட்டும் இல்லாமல் எதிலுமே ஆசை இல்லை என்றால். பயிற்சிக்குக் கிளம்பும்போதெல்லாம் மூச்சு முட்டினால். தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், "நான் இல்லாமல் போனால் நல்லது" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், அன்றைக்கே.

மனநல மருத்துவமனை இருப்பதாலேயே நம்ம ஊரில் "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப் பெயரையே வசவாக ஆக்கி வைத்திருக்கிறோம். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து எத்தனை வீடுகள் பிள்ளையை உள்ளேயே வைத்திருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது. காலில் சுளுக்கு என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு ஓடுகிறோம். அதே ஸ்டான்லியில் மனநலப் பிரிவும் இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணில் அரசின் டெலிமானஸ் மனநல ஆலோசனைச் சேவை இருக்கிறது. இலவசம், இரவும் பகலும், தமிழிலேயே பேசலாம். பிள்ளையே அழைத்துப் பேசலாம்.

காயம்பட்டு மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறான். முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கிரவுண்டுக்கு அனுப்புங்கள். ஸ்கோர் எழுதட்டும், சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்கட்டும். ஆட்டத்தை விட, கூட்டத்தை இழந்ததுதான் அவனை வாட்டுகிறது.

நான் வந்து நின்றால் அவன் சொதப்புகிறான். மேட்சுக்கு வரலாமா, வேண்டாமா?

இதை என்னிடம் கேட்காதீர்கள், அவனிடம் கேளுங்கள். மேட்ச் இல்லாத ஒரு நாளில், சாதாரணமாக.

மீன்பாடி வண்டி ஓட்டும் ஒரு அப்பா இருந்தார். லைனுக்குப் பக்கத்தில் நின்று "பாஸ் குடு, பாஸ் குடு" என்று தொண்டை கிழியக் கத்துவார். பையன் பந்து வந்ததும் முதலில் அப்பாவைத்தான் பார்ப்பான். அதற்குள் பந்து போய்விடும். ஒருநாள் தயங்கித் தயங்கி மகனிடம் கேட்டிருக்கிறார். "வாப்பா. ஆனா கத்தாத" என்றானாம். அடுத்த மேட்சுக்கு வந்தார். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையையும் முட்டிக்கு நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டார். கோல் விழுந்தபோது மட்டும் எழுந்து, சத்தம் வராமல் உட்கார்ந்தார். இடைவேளையில் பையன் நேராக அவரிடம் ஓடிப்போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்தான்.